பதினான்காம் நம்பர் கண்ணாடி

சம்மட்டி என்ற பெயர் அவருக்கு இருபத்து மூன்றாம் வயதில் வந்தது. கூட வேலை பார்த்த ஒருவரை ஒரே அடியில் தரையில் சாய்த்தார். அடி வாங்கியவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து, "இது கையா, சம்மட்டியா" என்று கேட்டார். அது இடது காது என்றும் வலது காது என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள். பெயர் நிலைத்துவிட்டது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அவர் வெல்டர். கொதிகலன்களும் தண்ணீர்த் தொட்டிகளும் செய்யும் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் உழைத்தார். அவற்றில் பிற்பாதி முழுவதும் மேஸ்திரியாக இருந்தார். மணமாகி ஆறாம் வருடம் பிறந்த வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு அந்த அம்மாள் வாயால் பதில் சொன்னதில்லை. வலது கையை நீட்டிக் காட்டுவார். முழங்கை முழுவதும் நிமிராது. அதன் பிறகு சம்மட்டி தம் தம்பி வீட்டு முன்னறையில் தங்கி, தம்பி மனைவி போட்ட சோற்றைச் சாப்பிட்டு, அதே பட்டறையில் தம்பியோடு வேலை பார்த்து வந்தார்.

பட்டறையில் அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. வெல்டிங் முடிந்து, மேலே படியும் கசடு கறுத்து ஆறும் வரை யாரும் முகத்திலிருந்து ஷீல்டைத் தூக்கக் கூடாது. தூக்கினால் பிடரியில் விழும். புதிதாகச் சேர்ந்த ஒருவன் முதல் நாளிலேயே மூன்று முறை வாங்கிக்கொண்டு, நான்காவது முறைக்குக் காத்திராமல் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிப் போனதும் உண்டு. ஏன் இப்படி என்று கேட்டால் அவர் தம்பியைச் சுட்டிக்காட்டுவார்.

"அந்த முகத்தைப் பாரு. ஆறுறதுக்கு முன்னாடி தூக்கினான். கசடு தெறிச்சது. போச்சு ஒரு கண்ணு. உனக்கும் அப்படிப் போகணுமா?"

தம்பியின் வலது கண் இருந்த இடத்தில் சுருங்கிய தோல் இருந்தது. அண்ணன் இப்படிச் சொல்லும்போதெல்லாம் தம்பி வேறு ஏதாவது வேலையில் குனிந்துகொள்வான். பத்தொன்பது ஆண்டுகளாக அவன் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொன்னதில்லை.

சம்மட்டிக்கு ஐம்பத்தொரு வயதானபோது முழுச் சூரிய கிரகணம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. ஊரில் அது முழுமையாகத் தெரியாது. ஊருக்கு வடக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த குன்றின் மேல் தெரியும். சரியாக இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. அந்தக் குன்றின் மேல் நாற்பதடி உயரத்தில் நின்ற தண்ணீர்த் தொட்டி அவர்கள் பட்டறை செய்தது. தொட்டியின் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி போடும் வேலை பாக்கி இருந்தது.

முதலில் ஆசைப்பட்டது தம்பி. "அண்ணே, அந்தக் கம்பி வேலையைக் கிரகணத்தன்னைக்கு வச்சுக்கலாமா? மேலே நின்னு பார்க்கலாம். இருக்குற ஒரு கண்ணால ஒரு நல்லது பார்த்துக்கிறேனே."

தம்பி எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன். சம்மட்டி உடனே முதலாளியிடம் போய், கம்பி வேலையை அந்தத் தேதிக்குத் தள்ளி வைத்துவிட்டு வந்தார். முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. சம்மட்டியிடம் ஏன் என்று கேட்பவர்கள் அந்தப் பட்டறையில் குறைவு.

பிறகு கண்ணாடி. சூரியனைப் பார்க்க வெல்டிங் கண்ணாடியில் பதினான்காம் நம்பர் வேண்டும். நம்பர் கூடக் கூடக் கண்ணாடி இருட்டு; பட்டறையில் இருந்தவை பத்தும் பதினொன்றும்தான். கடைவீதியில் ஒருவர் நான்கு கண்ணாடிகளைக் கொடுத்து, நான்கும் பதினாலு என்றார். சம்மட்டி அவற்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, அங்கே தகடு பொருத்தும் பிட்டரை ஒரு துண்டு இரும்பில் வெல்டிங் நெருப்பு வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கண்முன் பிடித்துப் பார்த்தார். பதினான்கு என்றால் அந்த நெருப்பு சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு போல மங்கித் தெரிய வேண்டும். ஒரு கண்ணாடியில் வெல்டிங் ராடின் நுனி தெரிந்தது, உருகி ஓடும் இரும்பு தெரிந்தது, ராடு மாட்டிய ஹோல்டரைப் பிடித்திருந்த பிட்டரின் விரல்கள்கூடத் தெரிந்தன.

அவர் அந்தக் கண்ணாடியையும் ஒரு சுத்தியையும் எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு நடந்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணு ரெண்டு மாறியிருக்கும் மேஸ்திரி, சூரியன் எங்க ஓடப் போகுது" என்றார். சம்மட்டி கல்லாவுக்கு மேலாகக் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து, பலகையின் மேல் குப்புற இழுத்துப் போட்டார். கன்னத்தைப் பலகையோடு அழுத்தி, கண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளி அந்தக் கண்ணாடியை வைத்துச் சுத்தியால் அடித்தார். சில்லு கடைக்காரரின் புருவத்தைக் கிழித்தது.

"இது என் தம்பி கண்ணுக்குன்னு சொல்லித்தானே வாங்கினேன்," என்றார், குரலை உயர்த்தாமல்.

அன்று மாலையே சரியான கண்ணாடி பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்த காகிதத்தில் நான்கு சொட்டு ரத்தம் இருந்தது.

இவ்வளவு வரை திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. குறை சாப்பாட்டு வேளையில் வந்தது.

தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. கிரகணம் பற்றிப் பள்ளிக்கு வந்த அச்சுத்தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டில் சோறு வைத்த கையோடு படித்துக் காட்டினார். சூரியனின் ஒரு கீற்று தெரிந்தாலும் கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது. முழுவதும் மறைந்திருக்கும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடி வழியே பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது.

"ஒண்ணும் தெரியாதுன்னா?" என்றார் சம்மட்டி.

"இருட்டா இருக்கும் மாமா. சூரியனைச் சுத்தி ஒரு வெளிச்சம் வருமாம். அது நிலா வெளிச்சம் அளவுதான். பதினாலாம் நம்பர்ல அது எப்படித் தெரியும்?"

"அப்போ தூக்கணுமா?"

"அந்த ரெண்டு நிமிஷம் மட்டும். நான் நொடி எண்ணிக்கிட்டே இருப்பேன். முடியுறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன்."

"நீ எண்ணுவே. சூரியன் அதைக் கேட்டு நடக்குமா?" சம்மட்டி கையை உதறினார். "நெருப்பு அணைஞ்சிடுச்சுன்னு நெனைச்சுத்தான் எல்லாரும் தூக்குறான். யாரும் எரியும்போது தூக்குறதில்லை. அணைஞ்சதுக்கு அப்புறம்தான் தெறிக்கும். உனக்கு இரும்பு தெரியுமா?"

"இது இரும்பு இல்லையே மாமா."

தம்பி தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "நான் கழட்டித்தான் பார்ப்பேன். இல்லைன்னா எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? கண்ணை மூடிக்கிட்டு இங்கேயே உட்கார்ந்துக்கலாம்."

சம்மட்டி அச்சுத்தாளைப் பிடுங்கி நான்காகக் கிழித்தார். தம்பி எழுந்தான். சம்மட்டி அவன் முன்னால் இருந்த தட்டைத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதி, சோறு சுவரோடு வழிந்தது. தம்பி மனைவி துணி எடுத்து வந்து சுவரைத் துடைத்துவிட்டு, கிழிந்த நான்கு துண்டுகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில் பேச்சு தொடர்ந்தது. பிட்டர் வாய்த்துடுக்கானவர். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்து, "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொல்வாங்க. நம்ம மேஸ்திரிகிட்ட அந்தத் தொல்லையே இல்லை. அடியும் அவரே, அண்ணனும் அவரே" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

சம்மட்டி சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "சிரிங்க. இவன் அன்னைக்கும் இப்படித்தான். சொன்னதைக் கேட்காம தூக்கினான். கண்ணு போச்சு. இப்போ மிச்சம் இருக்குறதையும் போக்கிக்கணுமாம்" என்றார்.

தம்பி கையிலிருந்த கிரைண்டரை அணைத்தான். அது சுழன்று நிற்கும் வரை காத்திருந்தான்.

"அண்ணே. அன்னைக்குத் தூக்குன்னு சொன்னது யாரு?"

சிரித்தவர்கள் வேலையை விட்டுத் திரும்பினார்கள். தம்பியே தொடர்ந்தான்.

"'போதும், தூக்கிப் பாரு, ஜாயின்ட் சரியா இருக்கா'ன்னு சொன்னே. நான் தூக்கினேன். நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே நீ சுத்தியால கசடைத் தட்டினே. சிவப்பா இருக்கும்போதே தட்டினே. உனக்கு அவசரம். சொன்னா உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு நான் வாயை மூடினேன். பத்தொன்பது வருஷம். அதை வச்சு நீ ஊர்ல இருக்குறவன் பிடரியெல்லாம் வீங்க வச்சே."

சம்மட்டியின் கை எழுந்ததை யாரும் பார்க்கவில்லை, விழுந்ததைத்தான் பார்த்தார்கள். தம்பி இரும்புத் தகடுகளின் மேல் சரிந்தான். வாயிலிருந்து ரத்தம் வந்தது. அவன் எழுந்து, குனிந்த தலையோடு ஓடிவந்து அண்ணன் வயிற்றில் முட்டினான். இருவரும் தரையில் உருண்டார்கள். சம்மட்டியின் முழங்கால் தம்பியின் விலாவில் இறங்கியது. தம்பி கைக்கு அகப்பட்ட ராடுக் கட்டால் அண்ணன் தலையில் அடித்தான். ராடுகள் நாலாபுறமும் சிதறின. பிட்டர் நீளமான குழாய் ஒன்றை இருவருக்கும் நடுவில் செருகி, மாட்டைப் பிரிப்பதுபோல நெம்பிப் பிரித்தார்.

"போதும்யா. கண்ணைக் காப்பாத்துறேன்னு ஆளைக் கொன்னுடாதீங்க."

தம்பிக்கு ஒரு பல் போனது. சம்மட்டிக்குத் தலையில் ஐந்து தையல். தம்பி சொன்னது உண்மையா என்று அவரிடம் கேட்கும் துணிவு யாருக்கும் வரவில்லை. அவரும் மறுக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அவர் முகமூடிகள் செய்ய உட்கார்ந்தார். மூன்று முகமூடிகளில் கண்ணாடிச் சட்டம் கீல் வைத்து மேலே தூக்கும்படி இருந்தது. தம்பிக்கென்று செய்தது வேறு: தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் மூடும் தோல் உறை, முன்னால் தகடு, தகட்டில் அசையாமல் பதித்த பதினான்காம் நம்பர் கண்ணாடி, பிடரியில் தோல்வார்களைச் சேர்த்து இறுக்கும் ஒரு போல்ட், அதன் மேல் விரலால் திருக முடியாத லாக் நட். வேலை மிக நேர்த்தியாக இருந்தது. உள்ளே கன்னம் படும் இடத்தில் மெல்லிய துணி வைத்துத் தைத்திருந்தார்.

"தொட்டி மேலே காத்து பிய்க்கும். உனக்கு ஒரு கண்ணு. பக்கத்துல இருந்து ஒரு கீற்று உள்ளே நுழையக் கூடாது. அதுக்குத்தான்," என்று தம்பியிடம் கொடுத்தார். அவர் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான் என்று தம்பி எடுத்துக்கொண்டான்.

"முழுசா மறைஞ்சதும் நட்டைக் கழட்டிடணும். ஸ்பேனர் உன்கிட்ட இருக்கணும்," என்றான் தம்பி.

"சரி," என்றார் சம்மட்டி.

வாழ்நாளில் அவர் சொன்ன பெரிய பொய்கள் இரண்டு. இது இரண்டாவது.

கிரகணத்தன்று விடியும் முன்பே பட்டறை வண்டியில் நால்வரும் குன்றுக்குப் போனார்கள்: அண்ணன், தம்பி, தம்பி மனைவி, பிட்டர். ஒன்பது மணிக்குள் தளத்தின் மூன்று பக்கங்களில் கம்பி ஏறிவிட்டது. நான்காவது பக்கம் தூண்கள் மட்டும் நின்றன. அவற்றுக்கு இடையே வெறும் காற்று. சூரியனின் ஓரத்தில் கடி விழுந்ததும் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். பதினொன்று அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது சம்மட்டி தம்பிக்குத் தோல் உறையை மாட்டி, நட்டை இறுக்கி, ஸ்பேனரைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெயில் சாயம் போனதுபோல வெளுத்தது. பிறகு ஒரே மூச்சில் இருண்டது. தம்பி மனைவி தம் முகமூடியைத் தூக்கிவிட்டு, "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கினார். அடுத்த எண் வருவதற்குச் சற்றுத் தாமதமானது. பிட்டர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த மனிதர் முதல்முறையாகச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் நின்றார்.

சம்மட்டி தம் முகமூடியைத் தூக்கவில்லை. உள்ளே மை இருட்டு. பக்கத்தில் தோல் உரசும் சத்தம் கேட்டது.

"அண்ணே, நட்டு."

அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, ஸ்பேனரை எடு. கழல மாட்டேங்குது."

"கழலாது," என்றார் சம்மட்டி. "உன் நல்லதுக்குத்தான். ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோ."

"இருபத்தாறு, இருபத்தேழு," என்றது தம்பி மனைவியின் குரல். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனின் குரல் வந்த திசையில் தம்பி பாய்ந்தான். குத்து சம்மட்டியின் தொண்டையில் விழுந்தது. அடுத்தது காற்றில் போனது. தம்பி தடுமாறிப் பின்வாங்கும் காலடியும், பிறகு இரும்பின் மேல் ஏதோ மோதும் சத்தமும் கேட்டன. மீண்டும் அதே சத்தம். தம்பி ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முகமூடியின் கண்ணாடியை அதில் மோதி உடைத்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடி விரிசல் விடும் ஒலி முப்பது ஆண்டு அனுபவமுள்ள காதுக்குத் தெரியாமல் போகாது. உடைந்தால் சில்லு எங்கே போகும் என்பதும் அவருக்குத் தெரியும். கம்பி இல்லாத பக்கத்துத் தூண் அது என்பது மட்டும் தெரியவில்லை. அதற்குக் கண் வேண்டும்.

சம்மட்டி முகமூடியைத் தூக்கினார்.

தம்பி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஓரடியில் தளம் முடிந்திருந்தது. அவர் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து, சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். தம்பி துள்ளினான். ஸ்பேனர் நழுவி, சம்மட்டியின் விரல் முட்டித் தோலை உரித்தது. அந்த நேரத்தில் தம்பி மனைவி திரும்பிப் பார்த்தார். அவர் கண்ட காட்சியில், கணவனை மூத்தார் கொன்றுகொண்டிருந்தார். அவர் தம் முகமூடியைக் கழற்றி, அதன் தகட்டு விளிம்பால் சம்மட்டியின் தலையில், பழைய தையலின் மேலேயே அடித்தார். எண்ணுவதை நிறுத்தவில்லை. "எழுபத்தெட்டு," என்று ஓர் அடி. "எழுபத்தொன்பது," என்று ஓர் அடி.

"கழட்டுறேன்மா, கழட்டத்தான் பார்க்கிறேன். அவன் கையைப் பிடி."

எண்பத்தொன்றில் அவர் அடிப்பதை விட்டுத் தம் கணவன் கைகளைப் பிடித்தார். லாக் நட் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் வந்தது. சம்மட்டியின் நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கியது; துடைக்க நேரமில்லாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றொரு கண்ணால் நட்டைப் பார்த்தபடி திருகினார். நூற்று நான்கில் வார் அவிழ்ந்தது. உறையைப் பிய்த்து எடுத்து, தம்பியை மல்லாக்கப் புரட்டினார்.

தம்பி அவரை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் பார்வை அண்ணனின் தோளைத் தாண்டி மேலே போயிருந்தது.

சம்மட்டி திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி எந்த நேரத்தில் எழுந்து எந்தப் பக்கம் புரளுவான் என்று சொல்ல முடியாது. அவன் சட்டையை இரு கைகளாலும் பிடித்தபடி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் வெளிச்சத்தில் அந்த ஒற்றைக் கண் விரிந்திருந்தது. அதில் சிறியதாக ஏதோ மின்னியது. என்னவென்று அவருக்குப் புரியவில்லை.

"நூத்தி இருபத்தேழு. மாமா, நூத்தி இருபத்தெட்டு."

அவர் உள்ளங்கையால் அந்தக் கண்ணைப் பொத்தினார். தம்பி முகத்தைத் தூக்கி அந்தக் கையின் ஓரத்தைக் கடித்தான். பல் எலும்பு வரை இறங்கியது. சம்மட்டி கையை எடுக்கவில்லை. பிட்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு, "வந்துடுச்சு, வெளிச்சம் வந்துடுச்சு" என்றார். அதன் பிறகும் கொஞ்ச நேரம் சம்மட்டி கையை எடுக்கவில்லை.

ஏணியில் இறங்கி, வண்டியில் ஏறுவதற்கு முன் தம்பி சொன்னான்: "வேலைக்கு நாளைக்கு வருவேன். வீட்டுக்கு நீ வராதே."

சம்மட்டியின் பெட்டி அன்று மாலையே பட்டறை மாடியறைக்குப் போனது. மீதி வேலைக்காலம் முழுவதும் அவர் அங்கேதான் இருந்தார். புதிதாகச் சேர்பவர்களிடம் தம்பியின் கண்ணைப் பற்றி அவர் சொல்லும் கதை மட்டும் மாறியது: "நான் தூக்குன்னு சொன்னேன். தூக்கினான். நான்தான் தட்டினேன்." அடி நின்றதா என்றால், இல்லை. பிடரிக்கு அடி விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இப்போது எதற்கு அடிக்கிறார் என்பது வாங்குபவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

தம்பி அவரோடு மறுபடி பேசியது ஐந்து மாதம் கழித்து. ஒரு கொதிகலனின் வயிற்றுக்குள் இருவரும் முழங்காலிட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, சம்மட்டி ராடு மாற்றுவதற்காக நிறுத்தினார். அந்த இடைவெளியில் கேட்டுவிட்டார்.

"என்னடா தெரிஞ்சது அன்னைக்கு?"

தம்பி கசடு ஆறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கறுப்பா ஒரு வட்டம். அதைச் சுத்தி வெள்ளையா, நரைமுடி மாதிரி நாலு பக்கமும். ஓரத்துல சிவப்பா ஒரு பொட்டு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்குத்தான் உன்னைக் கொல்லப் பார்த்தேன்."

சம்மட்டி புது ராடை ஹோல்டரில் செருகினார். "இன்னொரு தடவை வந்தா?"

"வந்தா ஸ்பேனர் என்கிட்ட இருக்கும்," என்றான் தம்பி. "ஷீல்டை இறக்கு."